ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜி.டி. 1.5 டர்போ: நெல்லை வெயிலில் எவ்வளவு ஏற்றலாம்?

கேள்வி, 2025 மே 10 (பாளையங்கோட்டை வாசகர்)

"அண்ணாச்சி, விர்டஸ் ஜி.டி. 1.5 டி.எஸ்.ஜி. எடுத்து வருசம் ஒண்ணாச்சு. ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டா 190 பி.எஸ்., 300 நியூட்டன் மீட்டர் வரும்னு ஒரு ட்யூனர் சொல்லுதாரு. லேப்டாப்ப சொருகுனா அரை மணி நேர வேலைங்காரு. இந்த இன்ஜின்ல அவ்வளவு இருக்கா? போடலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க."

மே 10, இரவு

ஒரே வார்த்தை: 300 வேண்டாம். ரீமேப் என்பது இன்ஜினை ஆளும் ஈ.சி.யு. கணினியில் உள்ள மேப்பை, அதாவது பூஸ்ட் (டர்போ அழுத்தித் தரும் காற்று), பெட்ரோல், ஸ்பார்க் அளவுகளின் பட்டியலை, மாற்றி எழுதுவது.

உங்கள் டி.எஸ்.ஜி. பெட்டி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ட்ரை கிளட்ச் (எண்ணெயில் நனையாத) வகை, டி.க்யூ.200. அதற்குக் கம்பெனி வைத்த வரம்பு 250 நியூட்டன் மீட்டர். இன்ஜின் ஷோரூமிலிருந்து வரும்போதே 250 தருகிறது. கிளட்ச் பக்கம் மிச்சம் என்று எதுவும் வைத்து அனுப்பவில்லை. விற்பவர் இன்ஜினைப் பற்றி மட்டும் பேசுவார், கியர்பாக்ஸைப் பற்றி நாம் கேட்டால்தான் வாய் திறப்பார். கேளுங்கள்.

மே 11

நேற்று அவசரத்தில் எழுதியதை விரிக்கிறேன், காலையிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

பி.எஸ். (குதிரை சக்தி) என்பது டார்க்கை (சுழற்றும் விசை, நியூட்டன் மீட்டரில்) ஆர்.பி.எம்.மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி 7023-ஆல் வகுப்பது, அவ்வளவுதான். கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சொல்வது: 1600 முதல் 3500 வரை 250 நியூட்டன் மீட்டர், 5000 முதல் 6000 வரை 150 பி.எஸ். 5000-ல் 150 என்றால் அங்கே டார்க் 211தான். 6000-ல் 176. அதாவது 3500-க்கு மேல் டார்க் இறங்கிக்கொண்டே போகிறது. இந்த இறக்கத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

5500-ல் இப்போது சுமார் 191. அதை 211 ஆக்கினால் 165 பி.எஸ். வந்துவிடும், கீழே 250-ஐத் தொடவே வேண்டாம். ட்யூனர் சொல்லும் 300 எங்கே வரும்? பெரும்பாலும் 1900, 2000 பக்கம். 1900-ல் 300 என்பது 81 பி.எஸ்., 250 என்பது 68 பி.எஸ். வெறும் 13 பி.எஸ். வித்தியாசம். ஆனால் கால் வைத்ததும் முதுகு சீட்டில் ஒட்டும், அந்த ஒரு நொடிக்கு வாடிக்கையாளர் காசு எடுத்து வைத்துவிடுவார். அந்த ஒரு நொடியை வாங்கித் தருவது கிளட்ச்.

190 வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு: 6000-ல் 222 தேவை. இப்போது இருப்பதைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதல் காற்று. இதில் உள்ளது சின்ன டர்போ. கீழே சீக்கிரம் எழுந்திருக்கத்தான் சின்னதாக வைத்திருக்கிறார்கள். மேலே போகப் போக அதற்கு மூச்சு வாங்கும். வற்புறுத்தினால் காற்றைவிட வெப்பத்தைத்தான் அதிகம் தரும்.

மே 13

"நம்ம ஊரு வெயிலுக்கும் மேப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று மேலப்பாளையத்திலிருந்து ஒரு தம்பி. எல்லாச் சம்பந்தமும் அங்கேதான் தம்பி.

15 டிகிரி காற்றோடு ஒப்பிட்டால் 40 டிகிரி காற்றில் அடர்த்தி 8 சதவீதம் குறைவு. டர்போ அதைச் சரிக்கட்ட இன்னும் வேகமாகச் சுற்றும், சுற்றினால் காற்று இன்னும் சூடாகும். அந்தச் சூட்டை எடுக்கத்தான் இன்டர்கூலர். இந்த இன்ஜினில் அது தண்ணீரால் குளிரும் வகை, தனிச் சுற்று, தனி எலக்ட்ரிக் பம்ப். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் தண்ணீரைக் குளிர வைப்பதும் முன்னால் வரும் அதே 40 டிகிரி காற்றுதான்.

அக்னி நட்சத்திரம் நடக்கிறது. நேற்று மதியம் என் 1.5-ல் ஓ.பி.டி. (இன்ஜின் எண்களைப் படிக்கும் கருவி) சொருகி வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து ஜங்ஷன் போனேன். வண்ணாரப்பேட்டை ரவுண்டானா தாண்டி நின்று நின்று நகர்ந்தபோது இன்டேக் டெம்பரேச்சர் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு) 50-ஐத் தாண்டியது. ஈரடுக்குப் பாலத்துக்குக் கீழே, முன்னால் ஒரு டவுன் பஸ், அதன் சூடான காற்றும் புகையும் ஒன்றாக வந்தன: 63. அந்த நேரம் பச்சை விழுந்து முழுசாக ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் மூன்றாவது சிலிண்டரில் நாலு டிகிரி டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை)ப் பின்னால் இழுக்கிறது. நாக் (கலவை சூட்டில் தானாகவே வெடிப்பது) வராமல் இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்கிறது. கே.டி.சி. நகர் தாண்டி நான்குவழிச் சாலையில் 90-ல் போனதும் 47-க்கு இறங்கி, டைமிங் திரும்ப வந்தது.

ஒரே பூஸ்டில் 30 டிகிரி காற்றுக்கும் 60 டிகிரி காற்றுக்கும் ஆக்ஸிஜன் வித்தியாசம் 9 சதவீதம். டைமிங் இழப்பு அதற்கு மேல். மேப் கொடுப்பதாகச் சொல்வதை வெயில் நின்ற இடத்திலேயே திரும்ப வாங்கிவிடும். ஆகவே நம் பக்கத்தில் இந்த இன்ஜினின் பலம் என்பது மதியம் மூன்று மணிக்கு அது எவ்வளவு தருகிறது என்பதுதான். விடியற்காலை எண்ணை யாரும் காட்ட வேண்டாம்.

மே 14

மேலே ஒரு வரி சேர்க்க விட்டுப்போனது. சிலர் இதற்கு மருந்தாக ஓப்பன் கோன் ஃபில்டர் (பெட்டி இல்லாத ஏர் ஃபில்டர்) போடுகிறார்கள். பானட்டுக்குள்ளே இருக்கும் சூட்டை நேராக இழுத்துக் கொடுக்கும் வேலை அது. சத்தம் நன்றாக இருக்கும், நான் மறுக்கவில்லை. கம்பெனி ஏர்பாக்ஸ் முன் கிரில்லிலிருந்து காற்று எடுக்கிறது, அதை விடக் குளிர்ந்த இடம் வண்டியில் கிடையாது.

மே 29

கோல்ஃப் ஜி.டி.ஐ. இந்தியாவுக்கு வந்தாயிற்று, 26-ஆம் தேதி. வந்தபோது ஷோரூம் விலை 53 லட்சம். "இதே ஸ்டேஜ் 1 அதில் போடலாமா?" என்று கேட்பவர்கள் எத்தனை பேர் வாங்கப் போகிறார்கள் தெரியாது, ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

அதில் 2 லிட்டர், ஈ.ஏ.888 குடும்பம். 265 பி.எஸ்., 370 நியூட்டன் மீட்டர். 370 என்பது 1600 முதல் 4500 வரை. 265 பி.எஸ். 5250-லேயே தொடங்குகிறது, கணக்குப் போட்டால் அங்கே இன்னும் 354 நிற்கிறது. நம் 1.5-ல் 3500-லேயே தொடங்கும் அந்தச் சரிவு அதில் வெகு தாமதமாகத்தான் வருகிறது. டர்போ பெரிசு, கியர்பாக்ஸ் எண்ணெயில் நனைந்த கிளட்ச். இதே கொள்ளளவு இன்ஜினில் கோல்ஃப் ஆர் வண்டிக்கு ஃபோக்ஸ்வாகனே 333 பி.எஸ்., 420 நியூட்டன் மீட்டர் எடுக்கிறது, ஆனால் டர்போ வேறு. வேறு என்ற அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுத்தான் ஆட்கள் 'ஒரே இன்ஜின், சாஃப்ட்வேர்தான் பூட்டு' என்று பேசுகிறார்கள். பூட்டு சாஃப்ட்வேரில் கொஞ்சம், இரும்பில் நிறைய.

அதில் மிச்சம் இருக்கிறது. 1.5-ல் மிச்சம் குறைவு, ஆனால் எங்கே என்று தெரிந்தால் போதும்.

ஜூன் 15

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது, எல்லோரும் அங்கேதான். நானும் போய்விட்டு, அப்படியே புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு வரை போய் வந்தேன். 27 டிகிரி காற்று, ஈரம். இன்டேக் 38. இன்ஜின் வேறு வண்டிபோல் ஓடுகிறது. ஒரே மேப், ஒரே பெட்ரோல்.

ஆனால் அந்த ஏற்றத்தில் கவனிக்க வேண்டிய வேறு சங்கதி உண்டு. டி.எஸ்.ஜி.யை டி-யில் விட்டால் மைலேஜுக்காக அவசரமாக மேல் கியருக்குப் போகும். ஏற்றத்தில் 1400, 1500-ல் முக்கிக்கொண்டு நிற்கும். அங்கே ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதித்தால் முழு பூஸ்ட், குறைந்த ஆர்.பி.எம். இதுதான் எல்.எஸ்.பி.ஐ. எனப்படும் நோய்க்குப் பிடித்த இடம். சிலிண்டர் சுவரில் பெட்ரோலோடு கலந்த ஆயில் துளி, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பற்றிக்கொள்ளும். சாதாரண நாக் என்றால் சென்சார் கேட்டு டைமிங்கைக் குறைக்கும். இது ஸ்பார்க்குக்கு முன்னாலேயே வருவதால் டைமிங்கைக் குறைத்து நிறுத்த முடியாது. பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரப்பு உடைந்தால், அது பெரும்பாலும் இதனால்தான்.

நேரடி இன்ஜெக்ஷன் (பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும்) சின்ன டர்போ எல்லாவற்றுக்கும் உள்ள பயம் இது. ஆயில்காரர்களே இதற்கென்று தரம் கொண்டுவந்தார்கள்: 2018-ல் ஏ.பி.ஐ. எஸ்.என். பிளஸ், 2020-ல் எஸ்.பி. கால்சியம் அதிகமுள்ள ஆயில் இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்ததால், சேர்மானத்தை மாற்றினார்கள். கையேட்டில் உள்ள ஃபோக்ஸ்வாகன் தரக் குறியீடு டப்பாவின் பின்னால் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். "எல்லாம் ஒண்ணுதாம்லா" என்று கடையில் சொல்வார்கள். ஒன்றில்லை.

ஆக, 1900-ல் 300 தரும் மேப் கிளட்சை மட்டும் கேட்கவில்லை, பிஸ்டனையும் கேட்கிறது. மே 11-ல் கிளட்சோடு நிறுத்தியிருந்தேன். இப்போது எனக்குப் பிஸ்டன்தான் பெரிய காரணம். மலையில் எஸ் மோடில் ஏறுங்கள், அல்லது கையால் மூன்றாம் கியரில் வையுங்கள்.

ஜூன் 16

"கிளட்ச் எப்படிச் சூடாகும், ஓடும்போது முழுசாகப் பிடித்திருக்குமே?" சரியான கேள்வி. ஓடும்போது சிக்கல் இல்லை. நகர்ந்து பிடிக்கும்போதுதான். அப்போது கிளட்சில் எரியும் சக்தி, டார்க்கை வழுக்கும் வேகத்தால் பெருக்கியது. டவுனில் ரதவீதியைச் சுற்றி ஆனித் தேர்க் கூட்டத்தில் ஊர்ந்து பாருங்கள், எண்ணெயில் நனையாத கிளட்சுக்கு அதைவிடத் தண்டனை கிடையாது. முதல் இரண்டு கியரில் டார்க்கைக் கம்பெனி அளவிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். ஒழுங்கான ட்யூனருக்கு அது சின்ன வேலை.

ஜூன் 22

கோவில்பட்டியிலிருந்து ஒருவர் டைனோ (வண்டியை ஏற்றிச் சக்தியை அளக்கும் கருவி) சீட்டின் படம் அனுப்பியிருக்கிறார். கோயம்புத்தூரில் ஏற்றியது. ரீமேப்புக்குப் பிறகு 171 பி.எஸ்., "சக்கரத்திலேயே" என்று பேனாவால் வட்டம் போட்டிருக்கிறது. ரீமேப்புக்கு முன்னால் எடுத்த சீட்டு இல்லை.

சீட்டின் கீழ் ஓரத்தைப் பாருங்கள் சார். 'கரெக்ஷன்: டி.ஐ.என்.' என்று இருக்கிறது. அந்த முறை அளந்த எண்ணை 20 டிகிரி, 1013 மில்லிபார் காற்றுக்கு மாற்றிக் காட்டும். உங்கள் சீட்டில் அறை 38 டிகிரி, காற்றழுத்தம் 960. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், அழுத்தம் அப்படித்தான் இருக்கும். அழுத்தத்துக்கு 5.5 சதவீதம், வெப்பத்துக்கு 3 சதவீதம், சேர்த்து 8.7 கூடிவிட்டது. 171-ஐத் திரும்ப இறக்கினால் 157.

டர்போ இல்லாத இன்ஜினுக்கு இந்தக் கணக்கு நியாயம். டர்போ இன்ஜினில் வெளி அழுத்தம் குறைந்தால் ஈ.சி.யு. டர்போவைக் கூடுதலாகச் சுற்ற வைத்து, தான் கேட்ட பூஸ்டைத் தானே எடுத்துக்கொள்கிறது. இழக்காததற்கு ஈடு கொடுப்பது என்ன கணக்கு? இந்த ஒரு வரியால் எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ட்யூனரிடம் இரண்டு கேளுங்கள்: முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே மதியத்தில் அளந்த சீட்டு. இரண்டும் கரெக்ஷன் இல்லாமல். என் வண்டிக்கு அப்படித்தான் எடுத்தேன், வித்தியாசம் 14 பி.எஸ்., 5000-க்கு மேலே. கீழே கோடு கம்பெனிக் கோட்டின் மேலேயே படுத்திருக்கிறது. அதைத்தான் கேட்டு வாங்கினேன். அதற்கு முன் அதிக டார்க் மேப்பையும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கிறேன், இரண்டையும் ஓட்டித்தான் பேசுகிறேன்.

ஜூலை 6

வள்ளியூர்த் தம்பி ஒருவர் மாமா மகேந்திரகிரியில் (இஸ்ரோவின் ராக்கெட் இன்ஜின் சோதனை மையம்) வேலை என்று சொல்லி, "ராக்கெட் டர்போ பம்பும் கார் டர்போவும் ஒண்ணா?" என்று கேட்டிருந்தார். ஒன்றில்லை, ஆனால் சொந்தக்காரர்கள். இரண்டிலும் ஒரு தண்டு. ஒரு முனையில் சூடான வாயு அடித்துச் சுற்றும் டர்பைன், மறுமுனையில் வேலை செய்யும் சக்கரம். அங்கே திரவ எரிபொருளைத் தள்ளுகிறது, இங்கே காற்றை. இரண்டு முனைக்கும் நடுவே பேரிங், சீல். இரண்டிலும் தலைவலி அந்த நடுப்பகுதிதான். 2025 மார்ச்சில்தான் மகேந்திரகிரியில் செமி கிரையோ இன்ஜினின் தலைப்பகுதியை முதல்முறை வெற்றிகரமாக எரித்துப் பார்த்தார்கள், டர்போ பம்புகள் அடங்கிய பகுதி. நாங்குநேரி தாண்டும்போதெல்லாம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே போகிறவன் நான், எனக்கு அதில் பெருமை உண்டு. உங்கள் மாமாவிடம் பேரிங் பற்றிக் கேட்டு எனக்கும் சொல்லுங்கள்.

நம் விஷயத்துக்கு: நான்குவழிச் சாலையில் விரட்டி வந்து சாப்பாட்டுக் கடை முன்னால் பட்டென்று ஆஃப் பண்ணாதீர்கள். தண்டுக்கு ஆயில் ஓட்டம் நிற்கும், சூடு நிற்காது. கடைசி இரண்டு கிலோமீட்டர் நிதானமாக வந்தாலே போதும்.

ஜூலை 20

ஆடிக்காற்று. திசையன்விளை பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்து ஏர் ஃபில்டரைத் திறந்தேன். மடிப்பு மடிப்பாகத் தேரி மண், மஞ்சள்தூளைவிட நைசாக, செக்கச் சிவப்பாக. விரலால் தட்டினால் புகைபோல் எழுகிறது. இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் சர்வீஸ் புத்தகத்தின் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மடிப்பைப் பாருங்கள். மே 14-ல் சொன்ன கோன் ஃபில்டர் வேண்டாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம். கம்ப்ரஸர் சக்கரம் அத்தனை வேகத்தில் சுற்றும்போது இந்த மண் உப்புத்தாள்.

அதே காற்றில் காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழி வரை. முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் ஒரே திசையில் பேயாய்ச் சுற்றுகின்றன. பக்கவாட்டில் அடிக்கும் அடியில் 100-ல் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில் ஏறும்: வேகம் ஒன்றேகால் மடங்கானால் சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 14 பி.எஸ். கூடியதால் உச்ச வேகம் பெரிதாக மாறாது. லாரியை முந்தும் அந்த இடத்தில்தான், 80-லிருந்து 110-க்கு, அதன் அருமை தெரியும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஆகஸ்ட் 10

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பற்றி எங்கும் சண்டை. இந்த இழைக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

நல்லது: ஆக்டேன் 95. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை உறிஞ்சும். நேரடி இன்ஜெக்ஷனில் அது சிலிண்டருக்குள்ளேயே நடப்பதால் நாக் குறையும். மே மாதம் நான் கண்ட அந்த நாலு டிகிரி, சுத்தப் பெட்ரோலாக இருந்தால் இன்னும் கூடியிருக்கும்.

கெட்டது: எத்தனால் முழுசாக எரிய ஒரு பங்குக்கு 9 பங்கு காற்று போதும், பெட்ரோலுக்கு 14.7 பங்கு. 20 சதவீதம் கலந்தால் 13.5. அதே காற்றுக்கு எடையில் 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். மைலேஜ் குறைவதும் அதனால்தான். மேல் ஆர்.பி.எம்.மில் காற்றையும் கூட்டிவிட்டு இதையும் சேர்த்தால் சுமை முழுதும் 350 பார் ஹை பிரஷர் பம்பின் தலையில். லாகில் (ஓடும்போது பதிவான எண்களில்) ரெயில் பிரஷர் (பம்ப் தரும் பெட்ரோல் அழுத்தம்) கேட்டதற்கும் கிடைத்ததற்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மேப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஜெர்மனியில் 98 ஆக்டேனுக்கு எழுதிய மேப் ஃபைலை அப்படியே இங்கே இறக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் ஊர் காற்றுக்கும் அவர்கள் ஊர் பெட்ரோலுக்கும் எழுதியது. "இ20-க்கு நீங்களே லாக் எடுத்துத் திருத்தினீர்களா?" என்று கேளுங்கள். பதிலுக்கு யோசித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 11

வாரண்டி, இன்ஷூரன்ஸ், ஆர்.டி.ஓ. மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள். வாரண்டி போகும், திரும்பப் பழைய ஃபைல் ஏற்றினாலும் சர்வீஸ் சென்டர் கணினிக்குத் தடம் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஷூரன்ஸிடம் மறைத்துவிட்டு விபத்தில் மாட்டினால் கிளெய்ம் நிற்கும் என்று நம்பாதீர்கள். இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வாரண்டிக் காலம் முடியாத வண்டிக்கு என் பதில்: பொறுங்கள்.

செப்டம்பர் 7

முதலில் கேட்ட பாளையங்கோட்டைத் தம்பி நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். அரை கிலோ அல்வாவோடு. மேப் இன்னும் போடவில்லை, வாரண்டி பாக்கி. ஆயிலும் பிளக்கும் மாற்றியிருக்கிறார், லாக் எடுக்கப் பழகிவிட்டார். அவர் வண்டியில் மதியம் சிக்னலுக்குப் பிறகு இன்டேக் சூடு இறங்க என் வண்டியைவிட அதிக நேரம் எடுத்தது. முன் பம்பரைக் கீழிருந்து பார்த்தோம். ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள இன்டர்கூலர் தண்ணீர் ரேடியேட்டரின் கீழ்ப்பாதி முழுக்கப் பூச்சியும் மண்ணும் அப்பிக் கிடந்தது. குறைந்த அழுத்தத் தண்ணீரில் பின்பக்கமிருந்து கழுவினோம். பிரஷர் வாஷ் அடிக்கக் கூடாது, துடுப்புகள் மடங்கும். சாயங்காலம் கொக்கிரகுளம் வரை ஓட்டிப் பார்த்தோம், இரண்டு வண்டியும் இப்போது ஒரே மாதிரி இறங்குகிறது. காசு செலவில்லாமல் கிடைத்த குதிரைகள். தம்பி, அடுத்த மே மாதம் அதே லாகை அதே ரோட்டில் எடுத்து அனுப்புங்கள், பிறகு மேப் பேசலாம்.

செப்டம்பர் 8

மேனுவல் கியர் 1.5 வைத்திருப்பவர்கள் "எங்களுக்கு 300 ஓகேயா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். டி.எஸ்.ஜி. பயம் உங்களுக்கில்லை. பிஸ்டன் ஒரே பிஸ்டன்தான். 2500-க்குக் கீழே 250, அதற்கு மேல் 270 வரை மெல்ல ஏறி, 5500-ல் 215 நிற்கிற மாதிரி எழுதச் சொல்லுங்கள். அதோடு இரண்டு சிலிண்டரை நிறுத்தி ஓடும் ஏ.சி.டி.யை அணைக்காமல் விடச் சொல்லுங்கள். சிலர் வேலை மிச்சம் என்று அதை அணைத்துவிடுகிறார்கள், மைலேஜ் போகும்.